தோட்ட பங்களா திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருப்பணி என்பது கோயில் வேலைக்குச் சொல்கிற சொல். முதல் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் பழக்கத்தில் அப்படிச் சொன்னார், அது அப்படியே நிலைத்துவிட்டது. கொத்தனாரும் சித்தாளும்கூட அப்படித்தான் சொன்னார்கள். நாங்களும் அதையே எழுதுகிறோம். பழைய பங்களாவையும் தோட்டத்தையும் சீர்செய்யும் வேலை, கிழக்கு மதில் தவிர, முடிந்தது. தோட்டம் காலை 6 முதல் மாலை 6 வரை எல்லோருக்கும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை.

வாசலில் வைத்த பலகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம், அதிகம் பேர் கேட்டது அதைத்தான். 1690இல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. சுட்டுப் பார்த்து எல்லை குறித்தார்கள். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று நாம் இன்றும் சொல்வது அந்தக் குண்டைத்தான். அந்த எல்லைக்குள் உள்ள நிலம்தான் நம் தோட்டமும். இதைப் பலகையில் எழுதியிருக்கிறோம். கம்பெனியின் ராபர்ட் கிளைவ் பெயரையும் போடச் சிலர் சொன்னார்கள். கிளைவ் அந்தக் கோட்டையின் பொறுப்புக்கு வந்தது 1756இல். இரண்டே ஆண்டில், 1758இல், பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துவிட்டார். நம் பங்களா அதற்கெல்லாம் வெகு காலம் பின்னால் கட்டியது. இல்லாத பெருமையைப் பிள்ளைகள் படிக்கிற பலகையில் எழுதக் கூடாது என்று போடவில்லை.

இனி வேலை. செலவில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போயிருக்கிறது. நீரூற்று வேண்டும், புல்வெளி வேண்டும் என்று கேட்டவர்களுக்கு மனக்குறை இருக்கும், தெரியும். ஆனால் வந்து சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

அந்தச் சுவருக்குப் பல வருடங்களுக்கு முன்னால் யாரோ சிமென்ட் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். வெளியே பார்க்க வழவழப்பாக இருந்தது. உளியால் தட்டியதும் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது, உள்ளே செங்கல் மாவாக உதிர்ந்தது. காரணம் எளிது. கடலோர மண்ணில் உப்புத் தண்ணீர் அஸ்திவாரத்திலிருந்து செங்கல் வழியே மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் அதன் வழியே வெளியே போய்விடும். சிமென்ட் அதை விடாது. ஈரம் உள்ளேயே காய்ந்து, உப்பு பூத்து, கல்லைத் தின்றுவிடும். ஆகவே சிமென்டை முழுக்கக் கொத்தி எடுத்தோம். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, தண்ணீர் மேலே நிற்கும்படி வாரக்கணக்கில் ஊறவிட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசினோம். அந்தக் கடுக்காய்த் தண்ணீர் பழுப்பாக, லேசாகப் புளித்த வாசனையோடு இருக்கும். மூத்த கொத்தனார் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்பார். அவர் சொன்ன பிறகுதான் கரண்டி எடுப்பார்கள். இதனால் வேலை மூன்று மாதம் தள்ளிப்போனது. தாமதத்துக்கு வருந்துகிறோம், ஆனால் அவசரப்படுத்தியிருந்தால் அது தப்பாகியிருக்கும்.

மேல்தளத்தில் தேக்கு உத்திரங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. சுவருக்குள் போகிற முனை மட்டும் சில உத்திரங்களில் உளுத்திருந்தது, மாற்றிவிட்டோம்.

அப்புறம் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றில் ஒவ்வொரு கோடையிலும் கரிப்பு ஏறிக்கொண்டே வந்தது. கடலோரத்தில் நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும். ஆழத்திலிருந்து வேகமாக இழுத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே வந்துவிடும். அதனால் அதை மூடிவிட்டு, பழைய உறைக்கிணற்றைத் தூர் வாரினோம். மேலாப்பில் இருக்கிற தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறோம். தூர் வாரியபோது பிளாஸ்டிக் பைகள், உடைந்த சிலைகள், ஒரு பித்தளைச் செம்பு எல்லாம் வந்தன. செம்பைத் தேய்த்து கிணற்றடியிலேயே வைத்திருக்கிறோம்.

கூரை மழைநீர் போகிற வாய்க்காலையும் குட்டைவரை வெட்டித் திறந்தாயிற்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்தபோது, இங்கே தண்ணீர் வடிய வழியில்லாமல் நாள்கணக்கில் நின்றது. அதைப் பார்த்த யாருக்கும் வாய்க்கால் ஏன் முதல் வேலை என்று விளக்க வேண்டியதில்லை.

மரங்களுக்கு வருவோம். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கரையேறியபோது, இந்தத் தோட்டத்தில் இயல்வாகையும் மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் வேரோடு சாய்ந்தன. பனையும் புன்னையும் நின்றன. இலுப்பை கிளை முறிந்து நின்றது, அடுத்த வருடமே துளிர்த்தது. அதையே பாடமாக எடுத்துக்கொண்டு, காலி இடங்களில் புன்னை, பூவரசு, மகிழம், நாவல், இலுப்பை மட்டும் நட்டிருக்கிறோம். பூ அழகுக்காகக் கேட்ட மயில்கொன்றையைத் தரவில்லை.

பாதிரி மரம் மட்டும் தனிக் கதை. திருப்பாதிரிப்புலியூர் என்று தினமும் பேருந்தில் பெயரைப் படிக்கிறோம், பாடலீசுவரர் கோயில் தலமரம் அதுதான், ஆனால் அந்த மரத்தை அடையாளம் காட்டச் சொன்னால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நீண்ட நெற்றுக்குள் சிறகு வைத்த விதை. சனிக்கிழமை நாற்றங்காலுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள்தான் விதைத்தார்கள். முதல் முறை போட்டதெல்லாம் மழையில் அழுகியது. மண்ணோடு பாதிக்குப் பாதி மணல் கலந்து மறுபடி போட்டதில் 11 முளைத்தன. முதல் இரட்டை இலை வந்த அன்று ஒரு சிறுமி அதன் பக்கத்தில் குச்சி நட்டு, தன் தலை ரிப்பனைக் கட்டிவிட்டுப் போனாள். அது இன்னும் இருக்கிறது, யாரும் எடுக்க வேண்டாம்.

நாற்றங்கால் தொடர்ந்து நடக்கும். மட்கு உரம் போடுவது, கன்று கட்டுவது எல்லாம் சனிக்கிழமை காலையில் சொல்லித் தருகிறோம். பெரியவர்களும் வரலாம்.

வரவு செலவு முழுவதும் ரசீதுகளோடு பங்களாத் திண்ணைப் பலகையில் ஒட்டியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் பொருளாளரிடம் நேரில் கேளுங்கள். கிழக்கு மதில் பாக்கி நிற்கிறது, பணம் போதவில்லை. மழைக்கு முன்னால் அதற்குத் தனியாக நிதி கேட்டு வருவோம்.

இப்போதைக்கு வேண்டியது பணம் அல்ல, ஆள். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் பாதிரிக் கன்றுகளுக்குச் சாயங்காலம் தண்ணீர் ஊற்ற வேண்டும். தெருவுக்கு ஒரு நாள் என்று பிரித்திருக்கிறோம். வியாழக்கிழமைக்கு மட்டும் இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை.

திருப்பணிக் குழு
கடலூர்