நம்பிக்கைக்கு முன்னால் வரவேண்டிய வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இளைஞர் பகுதியில் வெளியாகும் தன்னம்பிக்கைக் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அவற்றின் நோக்கத்தில் எனக்குக் குறை ஏதும் தோன்றியதில்லை. ஆனால், 'உன்னால் முடியும் என்று முதலில் நம்பு. வெற்றி தானாகப் பின்தொடரும்' என்ற ஒரே அறிவுரை அவற்றில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில், அதன் வரிசை தலைகீழாக இருக்கிறது என்று எழுத வேண்டியிருக்கிறது.

பணியில் சேர்ந்த புதிதில் நானும் அந்த அறிவுரையைத்தான் வழங்கி வந்தேன். கணக்கு என்றாலே கைநடுங்கும் பிள்ளைகளைத் தனியே அழைத்து, 'பயப்படாதே, உன்னால் முடியும்' என்று முதுகில் தட்டி அனுப்புவேன். அடுத்த தேர்விலும் அதே மதிப்பெண்ணோடு வந்து நிற்பார்கள். ஒருநாள் ஒரு மாணவி, 'முடியும், முடியும் என்கிறீர்களே ஐயா, எது முடியும் என்று சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை அவளுடைய பழைய விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தபோதுதான், அவள் அஞ்சியது கணிதம் முழுவதற்கும் அல்ல, பின்னங்களுக்கு மட்டுமே என்பதும், பின்னம் வருகிற இடமெல்லாம் மற்ற கணக்குகளும் சேர்ந்து சரிந்திருக்கின்றன என்பதும் தெரிந்தது. இரண்டு வரிகளில் முடியும் பின்னக் கணக்குகளில் தொடங்கி, அவளாகவே 'இது போதும், அடுத்தது கொடுங்கள்' என்று கேட்கும்வரை அவற்றையே கொடுத்தேன். அவள் வகுப்பில் முதலிடம் பிடித்தாள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. தேர்ச்சி பெற்றாள், தெரியாத கணக்கைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிடும் பழக்கத்தை விட்டாள், அவ்வளவே. என் கணக்கில் அது பெரிய வெற்றி.

இதற்கு ஓர் ஆய்வுப் பின்னணி உண்டு என்பதை நான் பின்னாளில்தான் படித்தறிந்தேன். ஆல்பர்ட் பந்தூரா என்ற உளவியலாளர் 1977-இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்ய முடியும் என்று ஒருவருக்குத் தம்மீது ஏற்படும் நம்பிக்கை நான்கு வழிகளில் பிறக்கிறது என்றார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கமொழி, நெஞ்சுப் படபடப்பு போன்ற உடற்குறிகளை நாம் புரிந்துகொள்ளும் விதம் ஆகியவையே அந்த நான்கும். இவற்றுள் வலுவானது முதலாவது என்பதே அவர் முடிவு. பாம்புக்குக் கடுமையாக அஞ்சியவர்களை வைத்து அவர் நடத்திய ஆய்வுகளில், பிறர் பாம்பைக் கையாள்வதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களைவிட, துணையோடு படிப்படியாக நெருங்கித் தாங்களே அதைத் தொட்டுப் பழகியவர்களிடம் நம்பிக்கை கூடுதலாக வளர்ந்தது. நம் கட்டுரைகளோ நான்கில் மூன்றாவதான ஊக்கமொழியை மட்டும் பிடித்துக்கொண்டு, அதுவே எல்லாம் என்பதுபோல் எழுதுகின்றன.

நான்காவதைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். தேர்வு அறையிலோ நேர்காணலிலோ நெஞ்சு படபடத்தால், அதையே தன் இயலாமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள் ஏராளம். முக்கியமான ஒரு வேலைக்கு உடல் ஆயத்தமாகும்போதும் அதே படபடப்புதான் வரும் என்பதை அறிந்தவருக்குப் பாதிச் சுமை இறங்கிவிடும்.

கண்ணாடி முன் நின்று நல்ல வாசகங்களைத் தினமும் சொல்லச் சொல்லும் பரிந்துரை எனக்கு எப்போதுமே நெருடலாக இருந்து வந்திருக்கிறது. ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 'நான் அன்புக்கு உரியவர்' என்ற பொருள்பட்ட வாசகத்தைத் தமக்குத்தாமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டவர்களில், முன்பே தம்மைப் பற்றி நல்லெண்ணம் உடையவர்கள் சற்றே பயன் பெற்றனர். தம்மைத் தாழ்வாக எண்ணியவர்களோ, அந்த வாசகத்தைச் சொல்லாமல் இருந்த தம்மைப் போன்றவர்களைவிடச் சோர்ந்துபோயினர். மருந்து தேவைப்படாதவருக்கு இனித்து, தேவைப்படுபவருக்குக் கசந்தால் அதை மருந்து என்று எப்படிச் சொல்வது? நம்ப முடியாத வாக்கியத்தை வாய் சொல்லும்போது, மனம் அதற்கு மறுப்புகளைத் தேடத் தொடங்கிவிடுகிறது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

வெற்றியைக் கண்முன் கற்பனை செய்து பார்க்கச் சொல்வதும் இந்த வகையைச் சேர்ந்ததே. கேப்ரியேல் ஏட்டிங்கன் என்ற உளவியலாளர் இன்னொருவருடன் இணைந்து 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், படிப்பை முடித்து வேலை தேடத் தயாரானவர்களில் விரும்பிய வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இன்பக் கற்பனையில் ஆழ்ந்தவர்கள், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் குறைவான விண்ணப்பங்களையே அனுப்பியிருந்தனர், குறைவான ஊதியமே பெற்றனர். அதே ஆய்வில், வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே செயல்பட்டனர் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கடந்தகால அனுபவத்தின் மேல் நிற்கும் எதிர்பார்ப்பு வேறு, பகற்கனவு வேறு. ஆகவே நேர்மறை எண்ணமே வீண் என்று நான் வாதிடவில்லை. விரும்பும் முடிவை நினைத்துப் பார்த்த கையோடு, அதற்குக் குறுக்கே நிற்பது எது என்பதையும் நினைத்துப் பார்த்து, 'இந்தத் தடை வந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவெடுத்து வைக்கும்படியே ஏட்டிங்கனும் அறிவுறுத்துகிறார்.

இன்னொரு வருத்தமும் உண்டு. எல்லாம் மனநிலையைப் பொறுத்தது என்று எழுதும்போது, தோற்றவரிடம் 'நீ போதிய அளவு நம்பவில்லை' என்று மறைமுகமாகச் சொல்லிவிடுகிறோம். பணமில்லாமல் படிப்பை நிறுத்தியவருக்கும், உடல்நலம் கெட்டு வேலையை இழந்தவருக்கும் அது எவ்வளவு கொடுமையான சொல் என்பதை அந்தக் கட்டுரைகளை எழுதுபவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வெற்றி பெற்றவர்களின் நேர்காணல்களை வெளியிடும்போது, 'உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?' என்ற கேள்வியைச் சில மாதங்களுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, முதல் தோல்விக்கு அடுத்த வாரம் அவர்கள் என்ன செய்தார்கள், எந்தச் சிறு வேலையிலிருந்து மீண்டும் தொடங்கினார்கள், அப்போது யார் உடனிருந்தார்கள் என்று கேட்டு எழுதச் செய்யுங்கள். பதில்கள் அவ்வளவு பளபளப்பாக இருக்கமாட்டா. ஆனால், 'எது முடியும் என்று சொல்லுங்கள்' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு அவை உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்