சிறுவர் பேஸ்போலில் எறிகளை எண்ணுவது யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் அண்மையில் நடைபெற்ற, 12 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கான பேஸ்போல் போட்டியொன்றில் என் மகன் பிட்சராக, அதாவது துடுப்பாளருக்குப் பந்தெறிபவனாக, விளையாடினான். அன்று மாலை குளித்துவிட்டு வந்தவன், தலையைத் துவட்ட வலக்கையை உயர்த்த முடியாமல் இடக்கையால் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவனுடைய தாய் கண்டார். எத்தனை பந்து எறிந்தாய் என்று கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் பயிற்றுவிப்பாளரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. புள்ளிகளைக் குறித்த ஏட்டை வாங்கிப் பார்த்தேன். யார் ஓட்டம் எடுத்தார், யார் ஆட்டமிழந்தார் என்பதெல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. எறிகளின் எண்ணிக்கை மட்டும் எங்கும் இல்லை.

இதை ஒரு தகப்பனின் முறைப்பாடாக மட்டும் கருதிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவில் சிறுவர் பேஸ்போலை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு, முன்னர் ஒரு பிட்சர் எத்தனை இன்னிங்ஸ் எறியலாம் என்றே கணக்கிட்டு வந்தது. ஓர் இன்னிங்ஸ் ஆறேழு எறிகளில் முடியவும் கூடும், நாற்பதைத் தாண்டவும் கூடும் என்பதால், அந்தக் கணக்கைக் கைவிட்டு 2007ஆம் ஆண்டு முதல் எறிகளையே எண்ணுகிறது. அங்கே 9, 10 வயதுச் சிறுவர் ஒரு நாளில் 75 எறிகளுக்கும், 11, 12 வயதினர் 85 எறிகளுக்கும் மேல் எறிய முடியாது. 66 எறிகளைத் தொட்டவருக்கு நான்கு நாட்கள் ஓய்வு கட்டாயம். 41 அல்லது அதற்கு மேற்பட்ட எறிகளை எறிந்த பிட்சரை அதே நாளில் கேட்சராக, அதாவது துடுப்பாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவராக, நிறுத்தவும் கூடாது, ஏனெனில் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிந்தபடியே இருக்கிறார். வளரும் பிள்ளையின் முழங்கையில் எலும்பு நீளும் இடம் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. ஓய்வின்றி எறியும்போது முதலில் பாதிப்புறுவது அந்த இடமே. என் மகன் அன்று இரண்டு போட்டிகளில் எறிந்தான். இடையில் கேட்சராகவும் நின்றான். அவனை அப்படி நிறுத்தியதில் எவருக்கும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. நன்றாக எறிகிறான் என்பதற்காகவே நிறுத்தினார்கள்.

தலைக்கவச விடயத்திலும் இதே கவனக்குறைவைக் கண்டேன். எங்கள் பிள்ளைகள் எல்லே என்ற நம் நாட்டுப் பந்து விளையாட்டிலிருந்தும் மென்பந்து கிரிக்கெட்டிலிருந்தும் இந்த விளையாட்டுக்கு வருகிறார்கள். அங்கே தலைக்கவசம் அணியும் வழக்கமே இல்லை. பேஸ்போல் பந்து கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுப் பாரம் குறைந்தது என்று பெற்றோர் சிலர் ஆறுதல் கொள்கின்றனர். ஆனால் 142 கிராமுக்குக் குறையாத அந்தப் பந்து, தரையில் படாமல், சிறுவர் போட்டிகளில் சுமார் 14 மீற்றர் தூரத்திலிருந்து நேரே உடலை நோக்கி வருகிறது. அன்றைய அணியிடம் இருந்தவை இரண்டு தலைக்கவசங்கள். முதலாம் பேஸை (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் முதலாவதை) அடைந்த சிறுவன் தன்னுடையதைக் கழற்றி, அடுத்துத் துடுப்பெடுத்து வருபவனுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, வெறுந்தலையுடன் அடுத்த பேஸுக்கு ஓடினான். அவற்றில் ஒன்றை எடுத்துப் பார்த்தபோது, உள்ளே பஞ்சு கழன்றுபோன இடத்தில் ஒரு கைக்குட்டை மடித்துச் செருகப்பட்டிருந்தது. துடுப்பாடுபவரோடு பேஸ்களில் ஓடுபவரும் தலைக்கவசம் அணிந்திருக்க வேண்டும் என்பது விதி. கேட்சரின் முகக்கவசத்தில் தொண்டைக் காப்பு தொங்க வேண்டும் என்பதும், ஆட்டத்துக்கு முன் பிட்சர் கை பழக எறியும்போதுகூடக் கேட்சர் முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்பதும் அப்படியே. இவை சரியாக உள்ளனவா என்று பார்க்காமல் நடுவர் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கொழும்பில் பிற்பகலில் இடி மின்னல் வருவது எல்லோரும் அறிந்ததே. இடியோசை கேட்டவுடன் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் பிள்ளைகளைக் கூரையின் கீழ் வைத்திருக்க வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. ஆயினும் அது உள்ளே வர வேண்டிய பெரிய வாயிலின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று அன்று நான் விசாரித்தபோது, மைதானத்தில் நின்ற எவராலும் சொல்ல முடியவில்லை.

புதிய தலைக்கவசங்கள் வாங்கப் பணம் வேண்டும்; கழகங்களின் நிலை எனக்குத் தெரியும், அதற்குச் சிறிது காலம் கொடுக்கலாம். எறிகளை எண்ணுவதற்கோ செலவே இல்லை. இரு அணிகளையும் சாராத ஒருவர் எண்ணி, ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் நடுவரிடம் தொகையைச் சொல்ல வேண்டும். வரம்பை எட்டியவர், எதிரே நிற்கும் துடுப்பாளருக்கான எறிகளை முடித்ததும் மாற்றப்பட வேண்டும். வைத்தியரின் ஆலோசனைப்படி என் மகன் இப்போது பந்தெறியாமல் இருக்கிறான். அவன் விளையாடாத போட்டிகளில் எண்ணிக் கொடுப்பதற்கு நானும் வேறு இரு பெற்றோரும் ஆயத்தமாக இருக்கிறோம் என்று ஏற்பாட்டாளர்களுக்கு எழுத்தில் அறிவித்துள்ளோம். பதிலை எதிர்பார்த்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பெற்றோர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.