பழவேற்காட்டுக்குப் பேரவையில் ஒரு தீர்மானம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றம் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் வழக்கமாகக் கூடுகிறது. அதுவும் 140 நாள்களுக்கு மேற்படாமல். அந்த அவகாசத்திலும், நம் மாவட்டத்தை ஒத்த 254 கவுண்டிகளுள் சிற்றூர்களே நிறைந்த ஒன்றின் வரலாற்றையும் தொழிலையும் அவையில் பாராட்டித் தீர்மானம் இயற்றும் வழக்கம் அங்கே உண்டு.

நம் சட்டப்பேரவை அப்படியொரு ஊரைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. வடசென்னையைக் கடந்து பொன்னேரி வழியாகச் சென்றால் பழவேற்காடு வந்துவிடும். பேரவை கூடுகிற புனித ஜார்ஜ் கோட்டையை ஆங்கிலேயர் 1640-இல் எழுப்பியபோது, 1613-இல் கட்டப்பட்ட டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை அங்கே நின்றுகொண்டிருந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் அதுவே. மலேசியாவில் கைலிக்கு வழங்கும் ‘பெலிக்காட்’ என்ற பெயர்கூட, புலிகாட் என்று வெளிநாட்டார் அழைத்த இவ்வூரிலிருந்து நெசவுத்துணியோடு கப்பலேறியதுதான்.

ஆனால் டச்சுக் கல்லறைகளை மட்டும் போற்றிவிட்டு நிறுத்தும் தீர்மானமாக இருந்தால் அது எழுதப்படாமலே இருக்கலாம். ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக ஏற்றி அனுப்பப்பட்ட துறைமுகமும் இதுவே என்பது அதில் மறைக்கப்படக் கூடாது. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரியில், யார் எந்நாளில் எவ்விடத்தில் வலை விரிப்பது என்பதை மீனவர்களே முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் ஏற்பாட்டை, எழுதிவைத்த சட்டம் எதற்கும் குறையாத சட்டம் என்றே நான் கருதுகிறேன். சட்டம் இயற்றுகிற அவை அதைத் தன் குறிப்பில் ஏற்றுவது பொருத்தமாகவும் இருக்கும். பனையோலையில் கூடை முடையும் பெண்களின் கைத்திறனும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள்களில் கடலுக்குப் போகாமல் கரையில் இருந்துவிடும் மீனவர்களின் இழப்பும் அதில் இடம்பெற வேண்டும். (காசிமேட்டில் மீன் வாங்கும் எங்களுக்கு அந்த இழப்பு விலையாகக்கூடத் தெரிவதில்லை.)

மீன்வளத் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளில், அரை மணி நேரம் ஒதுக்கி இத்தீர்மானத்தைக் கொண்டுவருமாறு பேரவைத் தலைவரையும் பொன்னேரித் தொகுதி உறுப்பினரையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பார்வையாளர் மாடத்தில் அவ்வூர் மீனவர்களுக்கும் ஓலை முடையும் பெண்களுக்கும் இடம் தர வேண்டும். வருகிறவர்களுக்கு அன்று ‘பாடு’ முறை இல்லாதபடி நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தங்கள் வாசகர்,
இராயபுரம், சென்னை