குட்டையனும் யானவுங்கும்

மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். சுகர் மாத்திரையை நேரத்துக்குப் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். நம்ம குட்டையனை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள்! பெரியவர் வீட்டு இரும்புப்பெட்டிச் சாவிகூட அவன் இடுப்பில்தானே தொங்கும்? இப்போது முதலாளியம்மாவின் தம்பி அந்த நாற்காலியில். இவன் டீக்கடையில் உட்கார்ந்து, சாவியில்லாத வெறும் வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டு, "பெரியவருக்கு ஒன்றும் தெரியாதுடா, எல்லாம் அந்த அம்மா வேலை" என்று புலம்புகிறான்.

கேட்டதும் எனக்கு யானவுங் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதே. பர்மா ராஜாக்களின் பழைய தலைநகரான மாந்தளை போய்வந்ததிலிருந்து அரண்மனைப் பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. அசல் அரண்மனை 1945இல் எரிந்துபோயிற்று, நான் பார்த்தது 1990களில் திரும்பக் கட்டியது. இருந்தாலென்ன!

யானவுங், பர்மாவின் கடைசி ராஜா திபாவின் சிறுவயதுத் தோழன். 1878இல் திபா பட்டத்துக்கு வந்ததும் இவனுக்கும் சுக்கிரதிசை. பதவி, செல்வாக்கு எல்லாம் தேடி வந்தது. ராஜாவின் அப்பா மிண்டோனுக்கு டஜன் கணக்கில் ராணிகள். மகனையோ சுபயாலத் ராணி இன்னொருத்தி பக்கம் திரும்பவே விடமாட்டாள். அப்படியிருந்தும் மீ கின்ஜி என்ற பெண்மேல் ராஜாவுக்கு ஆசை. அதற்குத் துணை நின்றவன் யானவுங். ராணிக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். சதி செய்தான் என்று பிடித்துப் போட்டார்கள். 1882இல் சிறையிலேயே செத்தான். அந்தப் பெண்ணையும் கொன்றார்கள்.

எல்லோரும் சுபயாலத்தைத்தான் பேய், பிசாசு என்கிறார்கள். வெள்ளைக்காரன் எழுதியதும் அப்படியே. சரி, ராஜா யார்? ஆசைப்பட்டவன் அவன், தோழனை உயர்த்திவிட்டவன் அவன். ஆபத்து வந்ததும் வாயை மூடிக்கொண்டவனும் அவன்தானே? எனக்கு ஆத்திரமாக வருகிறது மாப்ளே. 1885 நவம்பரில் அவனையே வெள்ளைக்காரன் கப்பலேற்றினான். உங்கள் மெட்ராஸில் கொஞ்ச காலம் வைத்திருந்து ரத்னகிரிக்குக் கொண்டுபோனார்கள். 1916இல் அங்கேயே போய்ச் சேர்ந்தான். ராணி மட்டும் ரங்கூன் திரும்பி 1925இல் இறந்தாள். அங்கே ஷ்வேடகோன் புத்தர் கோயில் பக்கம் நீயும் நானும் மட்டம் போட்டுவிட்டுச் சுற்றுவோமே, அங்கேதான் அவள் சமாதி.

இதையெல்லாம் குட்டையனிடம் சொன்னேன். "அந்த யானவுங் எந்தத் தெருடா?" என்கிறான்! பெரியவரை இன்னும் ஒரு வார்த்தை சொல்ல மனம் வரவில்லை அவனுக்கு.

அப்புறம், மோல்மேனில் உன் மச்சான் அரிசி மண்டியில் கணக்கெழுத ஆள் வேண்டும் என்றாயே, இன்னும் காலியா? குட்டையன் கை சுத்தமானவன், உனக்கே தெரியும். சீக்கிரம் கேட்டுச் சொல்.

உன்,
கறுப்பன்