ஆறு சுவிட்சுக்கும் பெயர் வந்தாச்சு

அன்புள்ள எல்லோருக்கும்,

வீட்டில் நான் கட்டிக்கொண்டிருக்கும் போயிங் 737-800 மாதிரி காக்பிட்டில் (விமானி அறை), ஃப்யூயல் பேனல், அதாவது எரிபொருள் சுவிட்சுகள் உள்ள பலகை, போன ஞாயிறு இரவு முதல்முறையாக எரிந்தது. (தீப்பிடித்து அல்ல, விளக்குதான்.) ஆறு பம்ப் சுவிட்ச், நடுவில் கிராஸ்ஃபீட் குமிழ் (இடது, வலது பக்க எரிபொருள் வழிகளை இணைப்பது). இதுவரை பேப்பரில் பெயர் அச்சடித்து செல்லோடேப் போட்டு ஒட்டித்தான் ஓட்டினேன். விளக்கை அணைத்தால் எது இடது டேங்க், எது சென்டர் டேங்க் என்று தடவிப் பார்க்க வேண்டும்.

முதல் நன்றி தெருமுனை போர்டு கடை அண்ணனுக்கு. பெயர் பொறிக்கும் வேலை, சொல்லிக் கேட்டால் எளிதுதான். 3 மி.மீ. கண்ணாடி அக்ரிலிக்கில் முதலில் வெள்ளை பெயிண்ட், மேலே சாம்பல். லேசர் சாம்பலை மட்டும் சுரண்டினால் வெள்ளை எழுத்தாகத் தெரியும். இரவில் பின்னாலுள்ள எல்இடி அதன் வழியே கசியும். என் முதல் மூன்று பேனலில் வெள்ளையும் சேர்ந்து போய், வெளிச்சம் கண்ணைக் குத்தியது. "லேசர் பவரைக் குறைங்க" என்று நான் நச்சரிக்க, அண்ணன் பேனலை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். "மெஷின் சரியாத்தான் இருக்கு தம்பி. உங்க பெயிண்ட்தான் ஒரு பக்கம் தடியா, ஒரு பக்கம் மெல்லிசா இருக்கு." அதோடு விடவில்லை. ஒரு துண்டு அக்ரிலிக்கில் ஒரே சொல்லைப் பத்து பவரில் பத்து முறை பொறித்துக் கொடுத்தார். ஏழாவதில் விரல் வைத்தால் மெல்லிய பள்ளம் தட்டுப்படும், வெள்ளை அப்படியே இருக்கும். அந்தத் துண்டுக்குக் காசு வாங்கவில்லை. முதல் நாளே "பி.வி.சி. இல்லையே? அதைச் சுட்டா குளோரின் கலந்த நச்சுப் புகை வரும்" என்று கேட்டு உறுதி செய்துகொண்டவரும் அவர்தான்.

அதே கடையில் டிசைன் பார்க்கும் தங்கைக்கும் நன்றி. எழுத்தைக் கர்வாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றாமல் நான் கொடுத்த கோப்பு அவர் கணினியில் வேறு எழுத்துருவில் திறந்தது. வெட்டுவதற்கு முன்பே கூப்பிட்டுச் சொன்னார்.

அப்புறம் பட்டறை பாய். கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஸ்பிரேயைப் பேனலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்கணும், ஒரே தடவையில் மூடப் பார்க்கக் கூடாது, மூன்று மெல்லிய பூச்சு போதும் என்று கையைப் பிடித்துக் காட்டினார். மழை ஈரத்தில் அடித்தால் பெயிண்ட் பால் பூத்தாற்போல் வெளுத்துவிடும் என்று ஐப்பசியில் என்னைத் தடுத்ததும் அவரே. நான் கேட்காமல் ஒரு பேனலைக் கெடுத்துக்கொண்டது தனிக் கதை.

எல்இடி புள்ளி புள்ளியாகத் தெரிந்தபோது, சமையலறையிலிருந்து பட்டர் பேப்பர் எடுத்து வந்து பின்னால் வைத்துப் பார்க்கச் சொன்னது அக்கா. இரண்டு மடிப்பில் வெளிச்சம் பரவிவிட்டது. பெயர் வேண்டாம் என்ற விமானப் பராமரிப்பு நண்பர் படத்தைப் பார்த்து, "நிஜத்தில் குண்டு பல்பு, இவ்வளவு வெள்ளையா இருக்காது" என்றார். மஞ்சள் கலந்த எல்இடிக்கு மாறினேன். அவர் சொன்னது சரி.

அண்ணே, அடுத்த வாரம் ஹைட்ராலிக் பேனலோடு வருகிறேன். பெயிண்ட் இந்த முறை பாய் பார்த்து ஓகே சொன்னது.

நன்றியுடன்,
உங்கள் தம்பி