கபடியும் இரண்டாம் பாதியும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. சம்பா நடவு முடிந்து இப்போதுதான் கை ஒழிந்தது. கடைமடை வரை தண்ணீர் வந்துவிட்டதால் ஊரில் யாரும் முகம் சுளிக்கவில்லை. பெரியவளுக்கு ஐப்பசியில் வளைகாப்பு, நீயும் தங்கச்சியும் அவசியம் வரணும்.

சரி, கபடிக்கு வருவோம். நம் அணி ஈரானிடம் தடுமாறுவதற்கு டெக்னிக் குறைந்துபோனதுதான் காரணம் என்று எழுதியிருந்தாய். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்டா. 2016 அகமதாபாத் உலகக்கோப்பை இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கா? இடைவேளையில் ஈரான் 18, நாம் 13. முடிவில் 38-29 என்று ஜெயித்தோம். நம் ரெய்டர் அஜய் தாகூரின் கால் கடைசிவரை ஓயவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதி: அதே ஈரானிடம் இடைவேளையில் 9-9, முடிவில் 18-27 என்று தோற்றோம். 1990-லிருந்து 2014 வரை ஏழு தங்கத்தையும் விடாமல் அள்ளியவர்கள் வெண்கலத்தோடு திரும்பினார்கள். தாகூருக்கு அடிபட்டது உண்மைதான். ஆனாலும், டெக்னிக் என்ன இரண்டாம் பாதியின் இருபது நிமிஷத்திலா மறந்துபோகும்? உடம்புதான் தளர்ந்தது என்பது என் கட்சி.

ஈரான்காரர் ஃபசல் அத்ராச்சாலி ரெய்டரைப் பிடிப்பதைப் பார். கை மட்டுமா பிடிக்கிறது? இடுப்பு, முதுகு, கழுத்து எல்லாம் சேர்ந்து இறங்குகிறது. அது மல்யுத்தம் பழகிய உடம்பு. நம் தாத்தா காலத்து தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் இதற்குத்தானே இருந்தன! இப்போது பையன்கள் ஜிம்முக்குப் போனால் கண்ணாடியைப் பார்த்து புஜத்தை மட்டும் ஏற்றுகிறார்கள்.

ஸ்டாமினா கதை இன்னும் மோசம். இங்கே ஸ்டாமினா என்றாலே விடியற்காலையில் வடுவூர் ஏரிக்கரையோரம் நீளமாக ஓடவிடுவதுதான். ஓடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ரெய்டு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போவது, முப்பதே விநாடி. அதற்குள் பாய்ந்து, தொட்டு, நாலு பேரை இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வரணும். வந்த கையோடு எதிராளியைப் பிடிக்க நிற்கணும். மூச்சு வாங்கவே நேரமில்லை. அதற்குப் பழக்குவது குட்டி குட்டி வேக ஓட்டமும், நடுவில் கொஞ்சமே கொஞ்சம் ஓய்வும்தான். பெரிய அணிகள் வைக்கும் யோ-யோ சோதனையும் அப்படித்தான்: 20 மீட்டர் போய்த் திரும்பினால் பத்து விநாடி ஓய்வு, வேகம் ஏறிக்கொண்டே போகும். பள்ளி மைதானத்தில் நாலு செருப்பை அடையாளம் வைத்தால் போதும், காசே வேண்டாம்.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு. நம் பக்கத்து எடைக் கபடிப் போட்டிகள்தான். எடைக்குள் வரணும் என்று பையன்கள் முந்தின நாளே பட்டினி கிடக்கிறார்கள், தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கொளுத்தும் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடுகிறவனையும் பார்த்தேன். எடை மிஷினில் ஜெயித்துவிட்டு களத்தில் சுருண்டு விழுகிறான். வளரும் வயசில் முட்டையும் வேர்க்கடலையும் பயறும் போடவேண்டிய உடம்பு அது. இவனே நாளைக்கு இந்தியாவுக்கு ஆடவேண்டியவன். முழங்கால் என்ன ஆகும்? பவன் ஷெராவத்தையே பார், 2022-ல் புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் அணிக்கு முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் சீசன் முழுக்க உட்கார்ந்தார். ஆனால் தேறி வந்து, அடுத்த வருஷம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அணித்தலைவராக ஈரானை 33-29 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார். அவருக்கு வைத்தியம் பார்க்க ஆள் இருந்தது. வடுவூர்ப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

நம் தஞ்சாவூர்க்காரர் சேரலாதனை மறந்துவிடாதே. 2016-ல் கோப்பை வாங்கிய அணியில் இருந்தபோது அவருக்கு வயசு நாற்பத்தொன்று! களத்தின் ஓரத்தில், கார்னரில் நின்று இளவட்டங்களை மடக்கினார். உடம்பைப் பார்த்துக்கொண்டால் எத்தனை வருஷம் ஆடலாம் என்று பையன்களிடம் அவர் பேரைத்தான் சொல்கிறேன்.

பொங்கலுக்கு இங்கே ஆட்டம் இருக்கிறது. கோயம்புத்தூரில் கடை பார்த்து, பயிற்சிக்குப் போடும் ரப்பர் பட்டை நல்ல தடிமனாக பத்து வாங்கி வா. காசு இங்கே வந்ததும் தருகிறேன், தங்கச்சியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளாதே.

உன்,
முருகேசன்