வீட்டை விட்டு ஓடக் கூடாதா?

அன்புள்ள முரளி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி வலி குறைந்ததில் சந்தோஷம். எனக்குக் கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, பேய்ப்படத்தில் நாற்காலியை நகர்த்தும் நூல்கூட.

'சின்னர்ஸ்' என்ற ரத்தக் காட்டேரிப் படத்தைப் பார்த்துவிட்டு அலுத்துக்கொண்டிருந்தாய். இனத்துக்கு ஓர் ஆள் என்று கணக்குப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள், 1932-ஆம் வருடத்து மிசிசிப்பியில் சீனத் தம்பதிக்கு என்ன வேலை என்று. மளிகைக் கடைதான் வேலை! அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு தோட்ட வேலைக்கு வந்த சீனர்கள் அந்த வட்டாரத்தில் கடை வைத்தார்கள். கறுப்பினத்தார் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். அப்புறம், அழைக்காமல் உள்ளே வர முடியாத ரத்தக் காட்டேரிகளைக் கூப்பிட்டது யார்? மகளுக்கு ஆபத்து என்று தெரிந்ததும் பொறுக்க மாட்டாத அந்தச் சீனத் தாய்தானே! காட்டேரியைத் துரத்தி வரும் சாக்டா பழங்குடி வேட்டைக்காரர்கள் சில நிமிடங்களில் வண்டியேறிப் போய்விடுவது எனக்கும் குறைதான். அவர்களோடு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்.

சரி, நீ 'ஹிஸ் ஹவுஸ்' பார்த்தாயா? ரெமி வீக்ஸ் இயக்கியது, 2020-இல் வந்தது. தெற்கு சூடானிலிருந்து தப்பி வந்த கணவன் மனைவிக்கு இங்கிலாந்தில் ஒரு வீடு ஒதுக்குகிறார்கள். சுவருக்குள் ஏதோ இருக்கிறது. ஹாஸ்டல் நாட்களில் எந்தப் பேய்ப்படம் பார்த்தாலும் 'வீட்டை விட்டு ஓடித் தொலையேன்டா' என்று கத்துவாயே, இதில் கத்த முடியாது. கொடுத்த வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பது புகலிடம் கேட்டவர்களுக்கு நிபந்தனை. உண்மைக் காரணத்தைச் சொல்ல வழியில்லாமல் வேறு வீடு கேட்டு அலுவலகத்தில் போய் நிற்கிறான் கணவன். அந்த இருவருக்குப் பதிலாக அந்த ஊர்க்காரர்களைப் போட்டுப் பார், பத்தாவது நிமிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

பேயும் அவர்களோடு கடல் தாண்டி வந்ததுதான். மனைவி அதன் பெயரைச் சொல்லியே அடையாளம் காட்டுகிறாள். அவனோ மேஜையில் உட்கார், கரண்டியால் சாப்பிடு என்கிறான். அவள் நாக்கில் உலோகச் சுவைதான் தெரிகிறது. பேய் வரும் காட்சிகளை மறந்துவிட்டேன், இது மறக்கவில்லை. அவளாக நடித்த வுன்மி மொசாகுதான் 'சின்னர்ஸ்' படத்தில் நாயகர்கள் கூட்டத்தில் காட்டேரியை முதலில் இனம் கண்டுகொள்பவளும்.

ஆனால் ஆளை மாற்றினால் கதை ஓடுமா என்று பார்க்கும் என் சோதனை எல்லா இடத்திலும் செல்லாது. 1968-இல் வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தின் நாயகனுக்கு எழுதும்போது இனமே குறிக்கவில்லை. நடிப்புத் தேர்வில் டுவேன் ஜோன்ஸ் மற்றவர்களைவிட நன்றாகச் செய்ததால் எடுத்ததாக இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ சொல்லியிருக்கிறார். யாரைப் போட்டாலும் கதை ஓடும். கடைசிக் காட்சி மட்டும் ஓடாது. ராத்திரி முழுக்க எழுந்து நடமாடும் பிணங்களிடம் தப்பிய கறுப்பினத்தவனை, காலையில் துப்பாக்கியோடு வரும் உள்ளூர்க்காரர்கள் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட அதே வருடம். கணக்குப் போட்டு எடுத்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்குமா, தெரியவில்லை. உன் பக்கத்துக்கு ஒரு மதிப்பெண், வைத்துக்கொள்.

'ஹிஸ் ஹவுஸ்' பார்த்துவிட்டுத் திட்டி எழுது. விளக்கை அணைக்காமலே பார், யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
சேகர்